கடன் பெட்டி

வெர்லன் டாக்கெட்டின் ஆயுள்
குதிரை ஏற்றும் வண்டியில் வந்து இறங்கியது.
முப்பத்தொரு பெட்டி, வைக்கோல் ஒட்டிய ஒரு தொப்பி.
லாரி வாடகை கட்டுப்படியாகவில்லை என்றாள் ஓலீட்டா,
தவிர, குதிரையைத்தான் போன மாதமே விற்றாயிற்றே.

கென்டக்கி மலையடியில் ஒரு கல்லூரி,
அதன் நிலவறையில் என் வேலை:
இற்றுப்போன ரப்பர் பேண்டுகளை அறுப்பது,
துருவேறிய குண்டூசிகளைக் கழற்றுவது,
செத்தவர் வைத்த வரிசையைக் கலைக்காமலிருப்பது.
கடைசியதுதான் கஷ்டம்.
வரி ரசீதுகளுக்கு நடுவே
கிட்டார் தந்திகளைச் சொருகி வைத்த மனிதர்.

சனிக்கிழமை இரவு மட்டும் மேடை.
மற்ற நாள் விடிகாலை நாலரைக்கு மைக்.
சுரங்கத்தில் ஷிப்டு மாறும் நேரம்;
மூடுபனி எச்சரிக்கை, பன்றித் தீவன விளம்பரம்,
யாரோ யாருக்கோ கேட்ட பாட்டு.
இருபத்தாறு வருடம் ஒலிபரப்பிய அத்தனையும்
பச்சை மையில், நிமிடத்தோடு, நோட்டில் இருக்கிறது.
எல்லாம் அடுத்தவர் ரெக்கார்டு.
தன்னுடையது ஒன்றே ஒன்று உண்டு.
அச்சிட்டது முந்நூறு, மிச்சம் இருநூற்றெழுபது;
எட்டாம் பெட்டி முழுக்க அதுதான், ஒன்பதாவதும்.

பத்தொன்பதாம் பெட்டிக்குள் ஒரு ஷூ பெட்டி.
மூடியில் பச்சை மை: கடன்.
மருத்துவமனை பில் என்று நினைத்தேன்.
தபால் அட்டைகள், இருநூற்றுப் பன்னிரண்டு.
நேயர்கள் கேட்டு, அவர் போடாமல் விட்ட பாட்டுகள்.
'ராத்திரி ஷிப்டிலிருக்கும் என் ஆர்விலுக்கு.'
'பல் பிடுங்கிய மகளுக்கு, அழுகைப் பாட்டு வேண்டாம்.'
'யாருக்கென்று சொல்லாதீர்கள். அவருக்கே தெரியும்.'
தட்டு கிடைக்கவில்லை. நேரம் போதவில்லை.
கீறல், ஊசி தாவுகிறது.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் காரணம்,
தவணை தப்பியவன் எழுதுவது போல.

ஓலீட்டா மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டாள்.
'இது என் கையெழுத்து.'
எழுபத்தாறு, அக்டோபர்.
அவர் முகத்தையே பார்த்திராத காலம்.
கேட்டிருந்தது அவருடைய சொந்தப் பாட்டு.
இதில் மட்டும் ஓரம் வெறுமை.

நோட்டைப் புரட்டினோம்.
நவம்பர் நாலு, வியாழன், காலை 4.52.
இருபத்தாறு வருடத்தில் அந்த ஒரு தடவை.
'எனக்கு ஏழு மணிக்குத்தான் விடியும்' என்றாள்.

அன்றைய டேப் இருந்தது,
பசை கசிந்து, சுருளோடு சுருள் ஒட்டிப்போய்.
ஆப்பிள் வற்றல் போடும் அடுப்பில்
எட்டு மணி நேரம் இளஞ்சூடு.
குறுக்கெழுத்துப் போட்டபடி கூடவே உட்கார்ந்திருந்தாள்.

ஆறவிட்டு ஓட்டினேன்.
மூடுபனி. தீவனம், மூட்டை நாலு டாலர்.
பிறகு ஒரு செருமல்.
'அடுத்து... சரி. அடுத்து ஒரு பாட்டு.'
கிட்டாரில் ஒரே ஒரு மீட்டு,
நறுக்.
'மணி நாலு ஐம்பத்தைந்து' என்கிறார்.

டேப்பை மிச்சம் பிடிப்பவர்கள் செய்வதுதான்:
மைக் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும்.
பேச்சு சேரும், பாட்டு சேராது.
ஓலீட்டா சிரித்தாள், தோள் குலுங்க, நெடுநேரம்.
பாட்டுதான் இருநூற்றெழுபது இருக்கிறதே,
ஒன்றைப் போடட்டுமா என்றேன்.
'வேண்டாம். அந்தச் செருமலை இன்னொரு தடவை.'

அட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்,
படிவத்தில் அதற்கு இடமுண்டு என்றும் சொன்னேன்.
'போட்ட பிறகும் அவர் இதை வெளியே எடுக்கவில்லை, பார்.
கேட்டவள் நான்.
கேட்காதவளும் நான்தான்.
எப்படித் தீரும்? கிடக்கட்டும் அங்கேயே.'

இங்கே மைக்கு அனுமதியில்லை, பென்சில்தான்.
எழுதினேன்: பெட்டி 19, உறை 3.
தபால் அட்டைகள், 212.
தலைப்பு அவர் இட்டது.
வரிசை கலைக்கப்படவில்லை.

அடுப்பில் இன்னும் ஆறு டேப்.